டேப்பை நேரே பகிராதீர்கள், டிஸ்க்கைப் பகிருங்கள்

கேள்வி: அக்கரைப்பற்றில் வீடியோ ஸ்டூடியோ நடத்துகிறோம். பழைய பதிவுகள் எல்டிஓ-5, எல்டிஓ-6 டேப்களிலும் (கணினித் தரவைச் சேமிக்கும் காந்த நாடா; எண் அதன் தலைமுறை) ஒரு நாஸ் பெட்டியிலும் (நெட்வேர்க்கில் இணைந்த டிஸ்க் பெட்டி) உள்ளன. டேப் டிரைவ் பழுதாகிவிட்டது. ரொறன்ரோவில் எடிட் செய்யும் தம்பி எல்லாவற்றையும் கிளவுட் போலத் திறக்க வேண்டும். எல்டிஓ-8 டிரைவ் வாங்கி, ரூட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து உள்ளே வரும் வழி) திறந்தால் போதும் என்கிறார் ஒரு முகவர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த டிரைவ் உங்கள் டேப் ஒன்றைக்கூடப் படிக்காது.

எல்டிஓ-7 வரை, ஒரு டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்களையும் படிக்கும். எல்டிஓ-8இல் அந்த வழக்கம் நின்றுபோனது. அது படிப்பது 8உம் 7உம் மட்டுமே. டேப்பின் கூடு எல்லாத் தலைமுறைக்கும் ஒரே அளவு. அதனால் கடையில் உங்கள் டேப்பைத் தள்ளிக் காட்டுவார்கள், உள்ளேயும் போகும். பிறகு படிக்க முடியாமல் வெளியே தள்ளிவிடும். உங்களுக்குத் தேவை எல்டிஓ-6 அல்லது எல்டிஓ-7 டிரைவ். பாவித்த டிரைவ் என்றால், எழுதுதடுப்புத் தாழ்ப்பாளைத் தள்ளிப் பூட்டிய உங்கள் சொந்த டேப்பைக் கொடுத்து, அதன் கடைசிக் கோப்பு வரை கொப்பி எடுத்துப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். டிரைவைக் கணினியில் இணைக்கும் எஸ்ஏஎஸ் கார்டையும் கேபிளையும் விலைக்குள் கேளுங்கள். அவற்றைத் தனியாக விற்பதே பலருக்கு லாபம்.

எல்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையில் எழுதிய டேப்பைக் கணினியில் ஃபோல்டராகத் திறக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஃபோல்டரை நெட்வேர்க்கில் பகிரக் கூடாது. தம்பி அதைத் திறந்ததும் விண்டோஸ் ஒவ்வொரு வீடியோவுக்கும் சிறுபடம் எடுக்கப் பார்க்கும். டேப் நூற்றுக்கணக்கான மீற்றர் முன்னும் பின்னும் ஓடித் தேயும். அங்கே திரை உறைந்து நிற்கும். ஒவ்வொரு டேப்பின் கோப்புப் பட்டியலையும் எடுத்து நாஸில் வையுங்கள். தம்பி கேட்பதை ஸ்டூடியோவில் ஒருவர் டேப்பிலிருந்து நாஸுக்கு எடுத்துப் போடட்டும். நிறைந்த எல்டிஓ-6 டேப்பில் 2.5 டெராபைட், விநாடிக்கு 160 மெகாபைட் வேகத்தில் முழுவதும் எடுக்க நாலேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நாஸில் நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளைப் போட்டால் அதுதான் உங்கள் சொந்தக் கிளவுட்.

போர்ட் மட்டும் திறக்கவே வேண்டாம். 2021இல் கியூலாக்கர், 2022இல் டெட்போல்ட் என்ற பணம் பறிக்கும் வைரஸ்கள் இணையத்துக்குத் திறந்திருந்த நாஸ் பெட்டிகளில் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டன. பதிலாக, இரண்டு கருவிகளைப் பாதுகாப்பான தனி வழியில் இணைக்கும் டெய்ல்ஸ்கேல் என்ற மென்பொருளை நாஸிலும் தம்பியின் கணினியிலும் போடுங்கள். 4ஜி ரூட்டர்களுக்குப் பெரும்பாலும் பொது ஐபி (வெளியிலிருந்து நேரே அணுகக்கூடிய இணைய முகவரி) கிடைப்பதில்லை. போர்ட் திறந்தாலும் பயனில்லை. டெய்ல்ஸ்கேலுக்குப் பொது ஐபி தேவையே இல்லை. இது தெரியாதவர்களிடம் நிலையான ஐபி என்று மாதாமாதம் காசு பிடுங்குகிறார்கள்.

இணைப்பு எடுக்கும்போது அப்லோட் வேகத்தைக் கேளுங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது டவுன்லோட் வேகத்தை. உங்களிடமிருந்து கோப்பு வெளியே போவது அப்லோட்டில். 10 எம்பிபிஎஸ்ஸில் 50 ஜிகாபைட் போக 11 மணி நேரம் பிடிக்கும். அதனால் முதலில் தரம் குறைத்த 720பி சிறு பிரதியை அனுப்புங்கள். தம்பி வெட்டி முடித்ததும், தேவைப்படும் மூலத்தை மட்டும் இரவில் ஏற்றுங்கள்.