செங்கடல் வழியே போகமாட்டேன் என்று என் மகன் சொல்லலாமா?

கேள்வி: என் மகன் ஓ.எஸ். (டெக்கில் கடைநிலை மாலுமி) வேலையில் இரண்டாவது கப்பல் ஏறப் போகிறான். கப்பல் செங்கடல் வழியாகப் போகுமாம். "போகமாட்டேன்னு சொன்னா சிடிசி ரத்தாகிடும், இந்தத் தாள்ல கையெழுத்துப் போடு" என்கிறார் ஏஜென்ட். ஒன்றரை லட்சமும் கேட்கிறார். மறுக்க வழி உண்டா? கப்பலைப் பிடித்து வைத்துக்கொண்டால் சம்பளம் வருமா?
- ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில் (ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன்):

அம்மா, உங்கள் மகன் மறுக்கலாம். அதற்காக சிடிசி ரத்தாகாது. அது மாலுமிக்கு அரசு கொடுக்கும் அடையாளப் புத்தகம். அதைப் பறிக்கும் அதிகாரம் எந்த ஏஜென்டுக்கும் இல்லை.

உங்கள் பயம் நியாயமானது. 2024 மார்ச் 6 அன்று ஏடன் வளைகுடாவில் 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' கப்பலை யேமன் நாட்டின் ஆயுதக் குழுவான ஹூதிகளின் ஏவுகணை தாக்கி 3 மாலுமிகள் இறந்தார்கள். தப்பியவர்களை மீட்டது நம் கடற்படையின் ஐ.என்.எஸ். கொல்கத்தா. 2025 ஜூலையில் 'மேஜிக் சீஸ்', 'எடர்னிட்டி சி' என்று ஒரே வாரத்தில் இரண்டு கப்பல்களை மூழ்கடித்தார்கள். ஹூதிகள் நடத்தும் போருக்கும் டெக்கில் பெயின்ட் அடிக்கிற பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் சாவது அவன்தான்.

மாலுமிகளின் சர்வதேசச் சங்கமான ஐ.டி.எஃப்.பும் கப்பல் முதலாளிகளும் கூடிப் பேசும் ஐ.பி.எஃப். என்ற அமைப்பு, 2024-இல் செங்கடலின் தென்பகுதியைப் போர் நடக்கும் பகுதி என்று அறிவித்தது. ஐ.பி.எஃப். ஒப்பந்தம் உள்ள கப்பலில், அப்படி அறிவித்த பகுதிக்குள் போக மறுக்கும் மாலுமியைக் கம்பெனி தன் செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும், இரண்டு மாத அடிப்படைச் சம்பளமும் தர வேண்டும். போகச் சம்மதிப்பவருக்கு அங்கிருக்கும் நாள்களுக்கு அடிப்படைச் சம்பளம் இன்னொரு மடங்கு, குறைந்தது 5 நாளுக்கு. உயிர்ச்சேதம், ஊனம் என்றால் இழப்பீடு இரட்டிப்பு. பட்டியல் அவ்வப்போது மாறும். கப்பல் ஏறும் தேதியில் என்ன நிலை என்று ஐ.டி.எஃப். இணையதளத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

"டபுள் சம்பளம்" என்று ஏஜென்ட் ஆசை காட்டினால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் பேச்சுக்கு மாதம் 600 டாலர் என்றால், 5 நாளுக்குக் கூடுதலாக வருவது 100 டாலர். அவ்வளவுதான். மாதம் முழுக்க இரட்டிப்பு என்று நினைத்துக்கொண்டு ஏறிய பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

மறுப்பதை எழுத்தில் சொல்ல வேண்டும், அதுவும் கப்பல் அந்தப் பகுதிக்குள் நுழைவதற்கு முன்பே. நடுவழியில், செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மண்டப் நீரிணையில் நின்றுகொண்டு இறக்கிவிடு என்றால் எந்த கேப்டனாலும் முடியாது. கேப்டனுக்கும் கம்பெனிக்கும் ஒரு மின்னஞ்சல் போதும். அதன் நகல் உங்கள் போனிலும் இருக்கட்டும்.

இப்போது அந்தத் தாள். "என் சொந்த விருப்பத்தில் போகிறேன், எதுவும் கோரமாட்டேன்" என்று அதில் இருக்கும். தேதி, கப்பல் பெயர் இரண்டும் காலியாக இருக்கும். கையெழுத்து வேண்டாம். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும், பிறரிடம் யோசனை கேட்கவும் அவகாசம் தந்த பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சர்வதேச விதி. நடப்பது என்ன? டாக்ஸி வாசலில் நிற்கும்போது இருபது பக்க ஆங்கிலத் தாள்களை நீட்டி, கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிக் காட்டுகிறார்கள்.

ஒன்றரை லட்சத்தில் ஒரு பைசாவும் தராதீர்கள். வேலைக்குச் சேர்க்க மாலுமியிடம் கட்டணம் வாங்குவது சட்டப்படி குற்றம். பாஸ்போர்ட், சிடிசி, மருத்துவச் சான்று செலவுதான் அவனுடையது. கம்பெனிக்கு ஆர்.பி.எஸ்.எல். (மாலுமிகளை வேலைக்குச் சேர்க்க அரசு தரும்) உரிமம் இருக்கிறதா என்று கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் உரிம எண்ணைப் போட்டுப் பாருங்கள். "லைசென்ஸ் மும்பையில இருக்கு, நான் அவங்க ஆளு" என்பவரை நம்பவே நம்பாதீர்கள். சுற்றுலா விசாவில் துபாய் போ, அங்கிருந்து படகில் ஏற்றிவிடுவார்கள் என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள். கப்பலைப் பதிவு செய்த கொடி ஒரு நாடு, முதலாளி ஒரு நாடு, மேனேஜர் இன்னொரு நாடு. பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். இத்தனை வருஷத்தில் இதற்கு ஒரு முடிவு கட்டப்படவில்லை என்பது எனக்கு ஆறாத கோபம்.

பிடிபட்டால் சம்பளம் வருமா என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடற்கொள்ளையிலோ கப்பல் மீதான ஆயுதக் கொள்ளையிலோ சிறைப்பட்ட மாலுமிக்கு விடுதலையாகி ஊர் வரும்வரை சம்பளம் ஓட வேண்டும் என்பது 2020 டிசம்பர் முதல் அமலில் உள்ள சர்வதேச விதி. விதியில் உள்ள சொற்கள் 'கடற்கொள்ளை', 'ஆயுதக் கொள்ளை' என்பவைதான். 2024 ஏப்ரலில் ஹார்முஸ் நீரிணை அருகே 'எம்.எஸ்.சி. ஏரிஸ்' கப்பலைப் பிடித்தது ஈரான் நாட்டின் படை. அதில் 17 இந்தியர்கள் இருந்தார்கள். ஒரு நாட்டின் படை பிடித்தால் அது கொள்ளையா? ஆயுதக் குழு அரசியல் காரணம் சொல்லிப் பிடித்தால்? 'கேலக்ஸி லீடர்' கப்பலின் மாலுமிகள் 2023 நவம்பரில் ஹூதிகளிடம் பிடிபட்டு 2025 ஜனவரியில்தான் வெளியே வந்தார்கள். பதினான்கு மாதம்! அத்தனை மாதம் வீட்டுக்குப் பணம் வருமா என்பதை இந்தச் சொற்களின் விளக்கத்துக்கு விட்டுவிட முடியாது. அதனால் "எந்தக் காரணத்தால் யார் சிறைப்பிடித்தாலும் சம்பளம் தொடரும்" என்ற வரி ஒப்பந்தத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். மகனுடைய பாஸ்போர்ட்டும் சிடிசியும் இப்போது யார் கையில் இருக்கின்றன? ஏஜென்டிடம் என்றால், நாளைக் காலை முதல் வேலையாகப் போய் வாங்கி வந்துவிடுங்கள்.