வயிறு பானை, முதுகு ரம்பம்

கேள்வி: ஐயா, பினாங்கில் நிபோங் திபால் பக்கம் செம்பனைக் காட்டோரமாக 22 ஆடுகள் வைத்திருக்கிறேன், எல்லாம் கச்சாங் என்ற நாட்டு ஆட்டுக் கலப்பு. இரண்டு மாதத்துக்கு முன்பு தெருநாய்கள் புகுந்து இரண்டு குட்டிகளைக் கடித்துப் போட்டுவிட்டன. காவலுக்கு ஆகட்டும் என்று, ஜாவியில் ஒரு காப்பிக் கடைக்குப் பின்னால் கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கி வந்தேன். இப்போது மூன்று மாதம் இருக்கும். சோறும் மீன் குழம்பும் போட்டால் தட்டை நக்கிவிடுகிறது, ஆனால் சதை பிடிக்கவில்லை. இரண்டரைக் கிலோதான். விலா எலும்பை எண்ணலாம், வயிறு மட்டும் உப்பியிருக்கிறது. கடையில் எடை கூட்டும் டானிக் என்று 48 ரிங்கிட்டுக்குக் கொடுத்தார்கள், பயனில்லை. பூச்சியாக இருக்கும் என்கிறார் மனைவி. ஆட்டுக்குப் போடும் பூச்சி மருந்து கைவசம் இருக்கிறது, அதையே கொஞ்சமாகக் கொடுக்கலாமா? என்ன தீவனம் கொடுத்தால் எடை ஏறும்? படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தம்பி, உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஆட்டு மருந்தை மட்டும் தொடாதீர்கள், அதற்கு அப்புறம் வருகிறேன்.

படத்தில் குட்டியை ஒரு தடவைதான் பார்த்தேன். அது நிற்கும் இடத்தைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொட்டகை கால்மேல் நிற்கிறது, பலகை இடுக்கு வழியாகப் புழுக்கையும் மூத்திரமும் கீழே இறங்குகின்றன. அதற்கு நேர் அடியில், வெயில் எட்டாத ஈர மண்ணில், தூணோடு சங்கிலி. குட்டியின் சொந்த மலமே நாலைந்து இடத்தில் பழையதும் புதியதுமாகக் கிடக்கிறது. நீங்கள் கேட்டது தீவனம். நான் கேட்டிருப்பேன், ‘இதை எங்கே கட்டுவது’ என்று.

கொக்கிப்புழு என்று ஒன்று இருக்கிறது. முட்டை மலத்தோடு விழும். நம் ஊர்ச் சூட்டில், நிழலும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் புழுக்குஞ்சு தயாராகி மண்ணில் காத்திருக்கும். குட்டி மண்ணை நக்கினால் வாய் வழியாகப் போகும், படுத்தால் தோலைத் துளைத்துக்கொண்டே போகும். தாய் நாய்க்கு இருந்தால் பால் வழியாகவும் வந்திருக்கும். குடலில் கடித்துத் தொங்கி ரத்தம் குடிக்கும். ஒரு புழு நாளைக்கு 0.1 மில்லி வரை உறிஞ்சும். நூறு புழு இருந்தால் 10 மில்லி ஆயிற்று. இரண்டரைக் கிலோ குட்டியின் உடம்பில் மொத்த ரத்தமே 200 மில்லி சொச்சம்தான். நீங்கள் குட்டிக்குச் சோறு போடவில்லை தம்பி, புழுவுக்குப் போடுகிறீர்கள்.

இப்போதே போய் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நம் ஈறு மாதிரி இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்திருந்தால் மீதிப் பதிலை அப்புறம் படித்துக்கொள்ளலாம், குட்டியை மோட்டாரில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். மலம் கறுத்துத் தார் போல இருந்தாலும் அப்படித்தான். ரத்தக் கழிச்சலும் வாந்தியும் சேர்ந்தால் அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். ஈறு பரவாயில்லை என்றாலும் இந்த வாரத்துக்குள் காட்டிவிடுங்கள். போகும்போது காலையில் போட்ட மலத்தில் ஒரு சுண்டுவிரல் அளவு மூடிபோட்ட டப்பாவில் எடுத்துப் போங்கள். எந்தப் புழு என்று நுண்ணோக்கியில் முட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். வயிறு பானையாக இருப்பதால் உருண்டைப்புழுவும் சேர்ந்தே இருக்கும் என்பது என் கணிப்பு. மருந்து கொடுத்த மறுநாள் மீகூன் (அரிசி நூடுல்ஸ்) மாதிரி வெள்ளையாக வெளியே வரும், பயந்துவிடாதீர்கள். கொக்கிப்புழு நூல் மாதிரி சின்னது, பெரும்பாலும் கண்ணில் படாது. ஒரு தடவை மருந்து கொடுத்ததோடு தீராது. இரண்டு வாரம் கழித்து மறுபடி, பிறகு ஆறு மாதம் ஆகும்வரை மாதம் ஒன்று. கிளினிக்கில் இருக்கும்போதே உண்ணிக் காய்ச்சலுக்கும் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் ரத்தத்தைத்தான் குறைக்கும்.

ஆட்டு மருந்து விஷயம். உங்களிடம் இருப்பது ஐவர்மெக்டின் ஊசி மருந்தாக இருந்தால், ஒரு மில்லி 50 கிலோ உடம்புக்கு உரியது. இரண்டரைக் கிலோவுக்கு 0.05 மில்லி, அதாவது ஒரு துளி. உங்கள் ஐந்து மில்லி சிரிஞ்சில் அதை அளக்க முடியுமா? ‘கொஞ்சமாக’ என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்குப் பயம். ஊற்றிவிடும் அல்பெண்டசோலாக இருந்தால் அது நாய்க்கு எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும், ரத்தம் குறைந்த குட்டிக்கு அதைவிடக் கேடு வேண்டாம். இந்தத் தப்பை நானும் செய்தவன்தான். இளவயதில் கூலிம் பக்கம் ஒரு பண்ணையில் வேலை பார்த்தபோது, ஆட்டுக்குப் போட்டு மிஞ்சிய ஐவர்மெக்டினை வீணாக்குவானேன் என்று காவல் நாய்க்குப் போட்டேன். சாயங்காலம் கள் குடித்தவன் மாதிரி தள்ளாடியது, எச்சில் வடிந்தது, கண்மணி விரிந்து கிடந்தது. இரண்டு நாள் கழித்து எழுந்தது. பிழைத்தது அதன் ஆயுசு, என் வைத்தியம் இல்லை.

மருந்து கொடுத்துவிட்டு அதே தூணில் திரும்பக் கட்டினால் மாதக் கடைசியில் மறுபடி இதே கதைதான். எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு, தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்: மருந்துக்கு ஒரு பங்கு செலவு செய்தால் தரைக்கு மூன்று பங்கு செய்ய வேண்டும். ஆட்டுக்குப் பலகைத் தளம் போட்டு உயரத்தில் வைத்தீர்களே, ஏன்? புழுக்கையில் படுக்கக் கூடாது என்றுதானே. அந்த அறிவு நாய்க்கு ஏன் கிடையாது? இரண்டு பழைய பேலட் பலகையை, காலையில் வெயில் அடிக்கிற பக்கமாக, தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் போடுங்கள். மேலே ஒரு துண்டுத் தகரம். சுற்றி உள்ள இடத்தில் புல்லை வெட்டி மண்ணைக் காயவிடுங்கள். காய்ந்த மண்ணில் கொக்கிப்புழுக் குஞ்சு நிலைக்காது. உருண்டைப்புழு முட்டை அப்படியில்லை, வருடக்கணக்கில் கிடக்கும். ஆனால் அது நோய் தரும் பக்குவத்துக்கு வர இரண்டு வாரமாவது ஆகும். அதனால் மலத்தைத் தினமும் அள்ளிக் குழியில் புதைத்தால் இரண்டுக்கும் வழி அடைபடும். தீவனம் வைக்க மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கொட்டகை அடியில் வெறுங்காலோடு திரிந்தால் இந்தப் புழு அவர்கள் தோலிலும் கோடு கோடாக ஊரும்.

இனி தீவனம். மூன்று மாதக் குட்டிக்கு, இந்த எடையில், நாளைக்கு ஏறக்குறைய 400 கலோரி வேண்டும். வெறும் சோற்றில் அது 300 கிராம். அத்தனை சோறு அந்தச் சின்ன வயிற்றுக்குள் போனால் வேறெதற்கும் இடமிருக்காது, புரதமோ சொற்பம். வளரும் குட்டியின் உணவில் ஈரம் நீக்கிய கணக்கில் 22 சதவீதத்துக்கு மேல் புரதம் வேண்டும், அரிசியில் 8 சொச்சம்தான். குட்டிகளுக்கானது என்று பையிலேயே போட்டிருக்கும் உலர் தீவனம் என்றால் 110 கிராம் போதும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நாலு வேளையாகப் பிரித்து வையுங்கள். வாடிக் கிடந்த குட்டிக்கு முதல் நாளே மலைபோல் வைக்கக் கூடாது. பழைய சோற்றோடு கலந்து முக்கால் பங்கில் தொடங்கி, ஒரு வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள். மேலே அவித்த முட்டை பாதி, அல்லது அவித்த கோழி ஈரல் ஒரு துண்டு. வெந்த கோழி எலும்பு கூடாது. பசும்பால் கழிச்சலைக் கொண்டுவரும். மைலோவும் வேண்டாம், அதில் கோக்கோ இருக்கிறது. மீன் குழம்பை இன்றோடு நிறுத்துங்கள். அதில் இருக்கும் வெங்காயம் நாயின் சிவப்பணுவை உடைக்கும், புழு ஒரு பக்கம் குடிக்க நீங்கள் இன்னொரு பக்கம் உடைக்கிறீர்கள்.

அந்த 48 ரிங்கிட் பாட்டிலைத் திருப்பி அதில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். இந்த மாதிரிச் சாமான்களில் நான் பார்த்தவரை சர்க்கரை, எண்ணெய், கொஞ்சம் வைட்டமின், இவ்வளவுதான். ஈறைத் தூக்கிப் பார்க்காமல் பாட்டிலை நீட்டுகிறவர் வியாபாரி, அவ்வளவுதான் அவர். தீவனக் கடையில் பெரிய மூட்டையைப் பிரித்து, பெயரில்லாத பிளாஸ்டிக் பையில் கிலோ கணக்கில் கட்டித் தருவதையும் வாங்காதீர்கள். பெரிய நாய்க்கா குட்டிக்கா, எப்போது பிரித்தது என்று அவருக்கே தெரியாது. முகர்ந்து பாருங்கள், பழைய எண்ணெய் வாடை வரும்.

இன்னும் இரண்டு. ஆடு குட்டி போட்டால் நஞ்சுக்கொடியையும் செத்த குட்டியையும் நாய்க்கு எறியும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. நாய்க்குச் சத்து என்று நினைப்பு. அதன் வழியாக நாய்க்குள் போகும் நியோஸ்போரா என்ற நுண்ணுயிர் மலத்தோடு வெளிவந்து, மேயும் ஆடுமாடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும். ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள்.

அப்புறம், 2015 செப்டம்பரில் பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் வந்து தெருநாய்களைப் பிடித்து அழித்தது உங்களுக்கு நினைவிருக்கும். தடுப்பூசியும் நகராண்மை லைசென்சும் இல்லாத நாய் அன்றைக்குத் தெருநாய்தான். பார்வோ ஊசித் தொடரைப் பதினாறு வாரம்வரை முடித்துவிட்டே வெளி நாய்களிடம் விடுங்கள். ஆட்டைக் காப்பாற்ற இந்தக் குட்டிக்கு இன்னும் ஒன்றரை வருடமாவது ஆகும். அதுவரை ராத்திரி கொட்டகைக் கதவை நீங்கள்தான் சாத்த வேண்டும்.

ஞாயிறு காலை, சாப்பாடு வைக்கும் முன், சமையல் தராசில் ஒரு பேசினை வைத்துக் குட்டியை நிறுத்துங்கள். வளர்ந்தால் 15 கிலோ வரும் நாய் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 30 முதல் 60 கிராம், வாரத்துக்கு 200 முதல் 400 வரை ஏற வேண்டும். நாலு ஞாயிறு எடையை எழுதி அனுப்புங்கள். குட்டியின் படம் வேண்டாம், பலகையின் படம் அனுப்புங்கள்.