தேனீ கொட்டி முழங்கை வரை வீக்கம்: பயப்பட வேண்டுமா?

கேள்வி: பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டை, முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காகத் திறந்தோம். இரண்டாங்கட்டு விட்டத்தில் முறம் அளவுக்கு மலைத்தேன் கூடு. ஒட்டடை அடிக்கும்போது கலைந்து, என் 10 வயது மகனின் புறங்கையில் ஒரு தேனீ கொட்டிவிட்டது. நாங்கள் இடுக்கி தேடுவதற்குள் அப்பத்தா சுண்ணாம்பு தடவிவிட்டார்கள். மறுநாள் முழங்கை வரை வீக்கம். இது அலர்ஜியா? மறுபடி கொட்டினால் உயிருக்கு ஆபத்தா? கூட்டை எடுத்தால், அந்தத் தேனை 7 மாதக் குழந்தையின் நாக்கில் தடவலாமா?
- ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: வீக்கம் கொட்டிய கையைத் தாண்டவில்லை என்பதுதான் இதில் முக்கியம். இதுவும் ஒவ்வாமைதான், ஆனால் உயிருக்கு உலை வைக்கும் வகை அல்ல. 24 முதல் 48 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், வடிய ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும். சிவந்து சூடாக இருப்பதைப் பார்த்து ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த வீக்கம் கிருமியால் வந்ததல்ல. மூன்று நாள் கழித்தும் வலி கூடி, காய்ச்சலும் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மணிக்கட்டில் கயிறு, காப்பு இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம், நாளைக்கு நான்கைந்து முறை வையுங்கள். அரிப்புக்கு இரவில் செட்டிரிசின் 5 மி.கி. போதும்.

இப்படி வீங்குபவர்களுக்கு அடுத்த முறையும் பெரும்பாலும் இதே வீக்கம்தான் வரும். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு உடல் முழுவதும் ஒவ்வாமை வரலாம். கொட்டாத இடங்களில் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், குரல் கம்முதல், மூச்சிழுப்பு, வாந்தி, தலைசுற்றல் ஆகியவை அதன் அடையாளங்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். இதில் எது வந்தாலும் படுக்க வைத்துக் காலை உயர்த்தி, 108-ஐ அழையுங்கள். மூச்சு முட்டினால் மட்டும் உட்கார வைக்கலாம். நடக்க விடக் கூடாது. அப்போது மருந்து அட்ரினலின்தான். கிலோவுக்கு 0.01 மி.கி. கணக்கு, 25 கிலோ பையனுக்கு ஆயிரத்தில் ஒன்று கரைசலில் கால் மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள். செட்டிரிசினை நம்பி வீட்டிலேயே காத்திருக்கக் கூடாது.

இடுக்கி தேடியதுதான் தவறு. தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் அது நஞ்சுப்பையோடு பிய்ந்து தோலில் தங்கிவிடும். தேனீ பறந்து போன பிறகும் பை தானாகத் துடித்து நஞ்சை இறக்கும்; முதல் 20 விநாடியிலேயே பெரும்பகுதி இறங்கிவிடும். நகத்தால் கிள்ளியோ சுரண்டியோ, கைக்கு வந்தபடி உடனே எடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். தோலுக்கு அடியில் போன நஞ்சை மேலே தடவும் சுண்ணாம்பு எட்டாது. தோலைப் புண்ணாக்குவதுதான் மிச்சம்.

கூட்டுக்கு வருவோம். ஒரு தேனீ கொட்டினால் அந்த இடத்தில் வாழைப்பழம் போல ஒரு வாடை எழும். அது மற்ற தேனீக்களுக்கு அபாய அழைப்பு. நின்று அடித்தால் கூட்டமே வரும். முகத்தை மூடிக்கொண்டு ஓடி அறைக்குள் கதவைச் சாத்துங்கள். தேக்கு விட்டத்துக்குக் கீழே தீப்பந்தம் பிடிக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். தீயணைப்பு நிலையத்தில் சொல்லுங்கள். மலைத்தேனீ பருவத்துக்கு இடம் மாறும் இனம், அவசரமில்லையென்றால் தானே போய்விடும். பெரியவர்களுக்கே 50 கொடுக்குக்கு மேல் ஏறினால், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாகலாம். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது அதன் அறிகுறி. குழந்தைகளுக்கு இதைவிடக் குறைவான எண்ணிக்கையே ஆபத்து.

மருந்தடித்த கூட்டுத் தேனை யாரும் தொடக் கூடாது. நல்ல தேனாக இருந்தாலும் ஒரு வயது முடியும்வரை குழந்தைக்கு ஒரு சொட்டுகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் வித்துக்கள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். மலச்சிக்கல், பால் குடிக்கத் தெம்பில்லாமை, இமை சரிவது, அழுகை ஈனமாவது என்று தொடங்கி மூச்சுவரை பாதிக்கும். வீட்டில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. அப்பத்தா தாராளமாகச் சாப்பிடலாம், சர்க்கரை நோய் இல்லையென்றால்: ஒரு தேக்கரண்டித் தேனில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது.