பதில்: இயக்குநர் என் மின்னஞ்சலுக்குப் பதிலே போடுவதில்லை

வணக்கம். மென்பொருள் உரிமத்தைப் புதுப்பிக்க ஒப்புதல் கேட்டு இயக்குநருக்கு நீளமாக எழுதியும், நினைவூட்டியும் பதில் இல்லை என்றீர்கள். நீங்கள் இங்கே ஒட்டியிருந்த மின்னஞ்சலைப் படித்தேன். விவரமெல்லாம் சரிதான், ஆனால் நீங்கள் கேட்பது எட்டாவது பத்தியில்தான் வருகிறது. கைப்பேசியில் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது தலைப்பும் முதல் வரியும். அங்கே உங்களிடம் இருப்பது "உரிமம் தொடர்பாக", "நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்".

தலைப்பை மாற்றுங்கள்: "வெள்ளிக்குள் ஒப்புதல் தேவை: மென்பொருள் உரிமம்". முதல் வரி: "உரிமத்தை ஓராண்டுக்குப் புதுப்பிக்க உங்கள் ஒப்புதல் வேண்டும். தவறினால் திங்கள் முதல் பில் போட முடியாது." அடுத்து தொகை, ஒரு வரியில் காரணம். அவர் "சரி" என்று ஒரே சொல்லில் பதில் போட முடிகிறதா என்று பாருங்கள். "தங்கள் கருத்தைத் தெரிவிக்கவும்" என்று முடித்தால் அவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவிடுவார்.

நேரடியாகக் கேட்டால் மரியாதைக் குறைவு என்ற தயக்கம் வேண்டாம். மேலதிகாரிக்கு மரியாதை கொடுப்பதில் யாருக்கும் சளைக்காத அமெரிக்க ராணுவத்தின் கடித விதிகளே முக்கியமானதை முதலில் எழுதச் சொல்கின்றன. "வணக்கம் சார்" போதும்.

மூன்று நிறுவனங்களின் விலை ஒப்பீட்டை வெட்ட மனமில்லையா? இணைப்பாகப் போடுங்கள். அநேகமாகத் திறக்க மாட்டார், கேட்டால் கையில் இருக்கும். அப்புறம், ஒரே மின்னஞ்சலில் இரண்டு கேட்டால் எளிதானதற்கு மட்டும்தான் பதில் வரும். கடைசியில் சேர்த்திருந்த விடுப்புக் கோரிக்கையைத் தனியாக அனுப்புங்கள்.