ஏதென்ஸ் பள்ளி: பெயர்ப் பலகையில் யார் யாரை எழுதலாம்?

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தின் வாசிப்பறையில் ரஃபேல் வரைந்த 'ஏதென்ஸ் பள்ளி' ஓவியத்தை ஆறடி அகலத்துக்கு அச்சிட்டு மாட்டப் போகிறோம். கீழே ஒரு பலகை வைத்து, படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று எழுத ஆசை. ஆனால் இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இடப்பக்கம் வெள்ளை உடையில் நிற்பவர் ஒரு பட்டியலில் பெண் அறிஞர் ஹைபேஷியா, இன்னொன்றில் போப்பின் உறவுக்கார இளைஞர். எங்களிடம் பள்ளி மாணவிகள்தான் அதிகம் வருகிறார்கள். அவர்களுக்காகவாவது ஹைபேஷியா பெயர் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். எந்தப் பெயர்களை நம்பி எழுதலாம்? அச்சிடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: வாசிப்பறைக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது கடினம். வாத்திகன் அரண்மனையில் இந்த ஓவியம் இருக்கும் அறையே போப் இரண்டாம் ஜூலியஸின் நூலகமாக இருந்தது என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. நான்கு சுவர்களும் இறையியல், தத்துவம், கவிதை, நீதி என்று நான்கு துறைகளுக்கு. அவற்றில் தத்துவத்துக்கான சுவர் இது. 1509க்கும் 1511க்கும் இடையில் இதை வரைந்தபோது ரஃபேலுக்கு வயது இருபத்தாறு, இருபத்தேழுதான்.

பட்டியல்கள் முரண்படுவதற்குக் காரணம் இருக்கிறது. சுவரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உருவங்கள் இருந்தும் ஒருவர் அருகிலும் பெயர் எழுதப்படவில்லை. ரஃபேல் எழுதிய விளக்கக் குறிப்பு என்று எதுவும் நம் கைக்கு வந்து சேரவும் இல்லை. 'ஏதென்ஸ் பள்ளி' என்ற தலைப்புகூட அவர் வைத்ததல்ல, பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. வரைந்து நாற்பது ஆண்டுக்குள்ளேயே குழப்பம் தொடங்கிவிட்டது. 1550இல் ஜார்ஜோ கீஸி இதைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டபோது, ஏதென்ஸ் நகரில் புனித பவுல் போதிக்கும் காட்சி என்று குறிப்பு சேர்த்தார்கள். ஓவியர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வசாரி, பித்தாகரஸ் குழுவைப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டிருப்பவர் நற்செய்தியாளர் மத்தேயு என்றார். ரஃபேல் காலத்துக்கு அவ்வளவு அருகில் இருந்தவர்களே தடுமாறியிருக்கும்போது, இன்று ஐம்பது பேருக்கும் பெயர் சொல்லும் பட்டியலை எப்படி நம்புவது?

ஆகவே என் யோசனை: முகத்தைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள். ரஃபேல் அந்த உருவத்தின் கையில் என்ன கொடுத்திருக்கிறார், பக்கத்தில் என்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள். அதில் தடயம் இருந்தால் பெயரை எழுதுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இந்த அளவுகோலில் முதலில் தேறுகிறவர்கள் நடு வளைவுக்குக் கீழே நடந்து வரும் இருவர். இடப்பக்கத்து முதியவர் கையிலுள்ள நூலில் 'திமேயோ' என்றும், வலப்பக்கத்தவர் நூலில் 'எதிகா' என்றும் எழுதியிருக்கிறது. முன்னது பிரபஞ்சம் எப்படி உருவானது என்று பேசும் பிளேட்டோவின் நூல். பின்னது மனிதர் நன்றாக வாழ்வது எப்படி என்று ஆராயும் அரிஸ்டாட்டிலின் அறநூல். பிளேட்டோவின் விரல் மேலே காட்டுகிறது. அரிஸ்டாட்டிலின் உள்ளங்கை தரையை நோக்கி விரிந்திருக்கிறது. இந்த இரு பெயர்களையும் தயங்காமல் எழுதலாம்.

அடுத்தவர் இடப்பக்கம் கீழே, தொடைமேல் புத்தகத்தை வைத்து எழுதும் பித்தாகரஸ். அவர் முன்னால் ஓர் இளைஞன் பிடித்திருக்கும் கரும்பலகைதான் முழு ஓவியத்திலும் எனக்கு மிகப் பிடித்த இடம். அதில் ரோமன் எண்களில் 6, 8, 9, 12 என்று எழுதி, அவற்றை வில் போன்ற கோடுகளால் இணைத்திருக்கிறார் ரஃபேல். இது கணக்கு மட்டுமல்ல, சங்கீதம். ஒரு தந்தியின் நீளத்தை 12 என்று வைத்துக்கொண்டு மீட்டினால் கிடைப்பது ச. அதே தந்தியை 6இல் அழுத்தினால் மேல் ஸ்தாயி ச, 8இல் அழுத்தினால் ப, 9இல் அழுத்தினால் சுத்த ம. ம-வுக்கும் ப-வுக்கும் உள்ள இடைவெளி 9க்கு 8. அந்த இடைவெளியின் கிரேக்கப் பெயரைத்தான் பலகையின் உச்சியில் எழுதியிருக்கிறார். அதன் கீழே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று முக்கோணமாக அடுக்கிய கோடுகள். கூட்டினால் பத்து, பித்தாகரஸ் மரபினர் புனிதமாகப் போற்றிய எண். பாட்டு கற்கும் மாணவி யாராவது வந்தால் முதலில் இந்த மூலையைக் காட்டுங்கள். தம்புராவில் அவள் தினமும் கேட்கும் ச-வும் ப-வும் ரோமாபுரிச் சுவரில் ஐந்நூறு ஆண்டுகளாக இருக்கின்றன.

படிக்கட்டில் மேலாடை சரியச் சாய்ந்து கிடப்பவர், உடைமைகளைத் துறந்து வாழ்ந்த கிரேக்கத் தத்துவஞானி டயோஜெனிஸ். பக்கத்தில் கிண்ணம் இருக்கிறது, வசாரியும் அவரை அப்படித்தான் அடையாளம் காட்டுகிறார். மேல் வரிசையில் பிளேட்டோவுக்கு இடப்பக்கம் விரல்விட்டு எண்ணியபடி வாதம் செய்பவர் சாக்ரடீஸ். முகத்தை நம்பாதீர்கள் என்ற என் விதிக்கு இவர் ஒரு விலக்கு. அந்தச் சப்பை மூக்கு பழங்காலச் சிலைகள் வழியே ரஃபேல் காலத்தவருக்கு நன்றாகத் தெரிந்தது. வலப்பக்கம் கீழே, நமக்கு முதுகு காட்டி, பூவுலக உருண்டையைப் பிடித்து நிற்பவர் வானியல் அறிஞர் டாலமி. அவர் தலையில் கிரீடம் ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். எகிப்தை ஆண்ட அரச வம்சத்துக்கும் டாலமி என்றே பெயர். அந்த அரசர்களையும், அவர்களுக்குப் பின் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இந்த அறிஞரையும் ஒருவராக நினைத்த பழைய குழப்பம் அது.

டாலமிக்கு அருகே குனிந்து கவராயத்தால் பலகையில் வடிவம் வரைபவரை யூக்ளிட் என்று எழுதுங்கள். ஆர்க்கிமிடீஸ் என்போரும் உண்டு, அதனால் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். முகம் கட்டடக் கலைஞர் பிரமாண்டேயுடையது என்பது வசாரி காலத்துச் செய்தி. இவரைச் சூழ்ந்திருக்கும் நான்கு மாணவர்களின் முகங்களைப் பொறுமையாகப் பாருங்கள். ஒருவன் இன்னும் புரியாமல் பலகையையே உற்றுப் பார்க்கிறான், வேறொருவனுக்குப் பிடிபட்ட மகிழ்ச்சி முகத்தில் தெரிகிறது. பாடம் புரியும் அந்தக் கணத்தை இவ்வளவு அன்போடு வரைந்த ஓவியம் வேறொன்றை நான் பார்த்ததில்லை. வலது ஓரத்தில் கறுப்புத் தொப்பியோடு நம்மையே பார்க்கும் இளைஞன் ரஃபேல்.

தலைப்பாகையோடு பித்தாகரஸின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பவர் அரபு மொழித் தத்துவ அறிஞர் இப்னு ருஷ்து, விண்மீன் உருண்டை ஏந்தியவர் பாரசீகச் சமய ஞானி ஜரதுஷ்ட்ரர், திராட்சை இலை சூடியவர் கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸ். இந்த மூன்றும் 'இருக்கலாம்' என்ற அளவில்தான். இடமிருந்தால் நட்சத்திரக் குறியோடு சேருங்கள்.

முன்வரிசையில் கல் மேடையில் முழங்கை ஊன்றி, கன்னத்தில் கை வைத்துத் தனியாக உட்கார்ந்திருப்பவரைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். கிரேக்கத் தத்துவஞானி ஹெராக்ளிட்டஸ் என்பது வழக்கமான பதில். அவர் முகம் மைக்கேலாஞ்சலோவுடையது என்பது 20ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்ற கருத்து. முகச் சாயலை ஒதுக்கி வைத்தாலும் இவரிடம் ஒரு வியப்பான செய்தி உண்டு. சுவரில் வரைவதற்கு முன் ரஃபேல் காகிதங்களை ஒட்டி முழு அளவில் கரியால் வரைந்த முன்வரைவு மிலானின் அம்ப்ரோசியானா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எட்டு மீட்டர் அகலம். அதில் மற்றவர்கள் பெரும்பாலும் இருக்க, இவர் இல்லை. ஃப்ரெஸ்கோ முறையில் ஈரச் சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் வண்ணம் தீட்டியாக வேண்டும். அதனால் ஒரு நாளைக்கு முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே பூசுவார்கள், அந்த நாள்பூச்சுகளின் விளிம்புகளைப் பின்னாளில் கண்டுபிடிக்க முடியும். இந்த உருவம் இருக்கும் பகுதி தனியாகப் பூசப்பட்டது என்று சுவரே சொல்கிறது. ரஃபேல் கடைசி நேரத்தில் சேர்த்த மனிதர் இவர். 1511 ஆகஸ்டில் மைக்கேலாஞ்சலோ வரைந்துகொண்டிருந்த சிஸ்டைன் சிற்றாலயக் கூரையின் முதல் பாதி பார்வைக்கு வந்தது. அதைக் கண்ட பிறகு வரைந்தாரோ என்ற ஊகம் எழுவது இயல்பு. பலகையில் 'ஹெராக்ளிட்டஸ்' என்று எழுதி நட்சத்திரம் போடுங்கள். மைக்கேலாஞ்சலோ கதையை வாய்ச்சொல்லாகச் சொன்னால் போதும். பிளேட்டோவின் முகம் லியனார்டோ டா வின்சியுடையது என்பதும் அதே வகைதான்.

அச்சு விஷயம். ஓவியம் சுமார் 7.7 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். ஆறடி அகலம் வைத்தால் உயரம் நான்கடிக்குச் சற்றுக் குறைவாக வரும். மேல்பக்கம் அரைவட்ட வளைவாக முடியும். கடைக்காரர் அதை வெட்டிச் சதுரமாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளைவு போனால், அந்த மண்டபத்தின் ஆழமே போய்விடும். கோப்பு குறைந்தது 7,200 பிக்சல் அகலம் இருக்கட்டும். பழைய புகைப்படங்களில் எல்லாம் பழுப்பேறியிருக்கும். 1990களில் சுத்தம் செய்த பிறகு எடுத்த படத்தைத் தேடுங்கள். பளபளக்கும் ஃப்ளெக்ஸ் வேண்டாம், மேட் கேன்வாஸ் எடுங்கள். ஃப்ரெஸ்கோவின் மேல்தளம் மினுங்காது. பெயர்களைப் படத்தின்மேல் எழுதவே வேண்டாம். உருவங்களின் வெளிக்கோட்டை மட்டும் சிறிய படமாக வரைந்து, எண் போட்டு, பக்கத்தில் பெயர்களைக் கொடுங்கள்.

இனி ஹைபேஷியா. உங்கள் விருப்பம் எனக்குப் புரிகிறது, ஆனால் எழுதாதீர்கள். அந்த வெள்ளை உடை உருவத்தின் கையில் நூலோ கருவியோ எதுவும் இல்லை. ரஃபேல் ஹைபேஷியாவை வரைய விரும்பினார், மேலிடம் தடுத்தது என்று உலவும் கதைக்கு நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. போப்பின் உறவினர் பிரான்செஸ்கோ மரியா என்பதும் ஊகம்தான். எண்ணில்லாமல் விட்டுவிடுங்கள். கி.பி. 415இல் கொல்லப்பட்ட அந்தக் கணித அறிஞரைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதி ஒட்டலாம். அதற்கு அவர் தகுதியானவர்.

மாணவிகளுக்கு உறுதியான ஒரு பெயரைக் கொடுக்க வழி இருக்கிறது. அதே அறையில், அடுத்த சுவரில் கவிதைக்காக ரஃபேல் வரைந்தது 'பர்னாசஸ்'. அதில் ஹோமரும் தாந்தேயும் நிற்கிறார்கள். இடப்பக்கம் கீழே, சன்னல் விளிம்பில் கை ஊன்றி ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவள் கையிலுள்ள சுருளில் ரஃபேலே பெயரை எழுதியிருக்கிறார்: சாப்போ. கிறிஸ்துவுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன் லெஸ்போஸ் தீவில் பாடிய கவிஞர். செலவுக்கு இடம் இருந்தால் அந்தப் படத்தையும் மூன்றடி அகலத்தில் அச்சிட்டு, மாணவிகள் உட்காரும் மேசைக்கு நேரே மாட்டுங்கள். நட்சத்திரக் குறி தேவைப்படாது.