பே ஆஃப் ஐலண்ட்ஸ் போகிறீர்களா? கேள்வி பதில்

நியூசிலாந்தின் வடக்குக் கரையில் இருக்கும் பே ஆஃப் ஐலண்ட்ஸ் வளைகுடாவுக்குக் கிளம்புகிறவர்கள் கேட்டவற்றுக்கு, ஆக்லாந்தில் குடியிருந்து அடிக்கடி அந்தப் பக்கம் போய்வரும் நான் எழுதிய பதில்கள்.

அண்ணா, பைஹியாவில் தங்குவதா, ரஸ்ஸலிலா? அப்பா அம்மாவும் வருகிறார்கள். சுத்த சைவம்.

இரண்டும் வளைகுடாக் கரை ஊர்கள், தங்குவதற்குப் பைஹியாதான். ஆக்லாந்திலிருந்து காரில் மூன்றரை மணி நேரம் ஆகும். தீவுகளைச் சுற்றிக் காட்டும் படகுகள் பெரும்பாலும் அங்கேயே கிளம்புகின்றன, அதனால் படகுத்துறைக்கு நடக்கும் தூரத்தில் அறை பாருங்கள். ஓட்டலை விட மோட்டல் நல்லது, சமையலறையோடு கிடைக்கும். ஆனால் 'ஸ்டூடியோ' என்று போட்டிருந்தால் சில இடங்களில் மைக்ரோவேவும் கெட்டிலும் மட்டும்தான். அடுப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பெரியவர்களுக்குக் கீழ்த்தளம் வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பருப்பு, மசாலாவை ஆக்லாந்தின் சாண்ட்ரிங்ஹாம் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். ஊரிலிருந்து கறிவேப்பிலை, ஊறுகாய் என்று கட்டிக்கொண்டு வந்தால், விமான நிலையப் படிவத்தில் எழுதுங்கள். எழுதாமல் மாட்டினால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

ரஸ்ஸல் அழகான, அமைதியான ஊர். பைஹியாவிலிருந்து படகில் கால் மணி நேரம்தான், பகலில் போய்வந்தால் போதும்.

டிசம்பர் கடைசியில் வரலாமா?

வரலாம், பர்ஸ் தாங்கினால். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி முடியும் வரை உள்ளூர்க்காரர்களுக்கே கோடை விடுமுறை. பல மாதம் முன்பே அறைகள் போய்விடும், விலையும் ஏறும். மார்ச் மாதம் வாருங்கள். கடலில் வெதுவெதுப்பு இருக்கும், கூட்டம் இருக்காது.

வைதாங்கியில் நுழைவுக் கட்டணம் அதிகமாக இருக்கிறதே? வெளியில் நின்று ஒரு போட்டோ எடுத்தால் போதாதா?

போதாது. வேறு எதையாவது குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள். 1840 பிப்ரவரி 6 அன்று, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இடம் இது. அதன் நூற்றாண்டுக்காக 1940இல் எழுப்பிய செதுக்குவேலைக் கூடத்தில் ஒவ்வொரு தூணையும் நின்று பார்க்க வேண்டும். அதே ஆண்டில் கௌரி (kauri) என்ற உள்ளூர் மரத்தில் செய்த போர்ப்படகு 35 மீட்டர் நீளம், செலுத்த குறைந்தது 76 பேர் வேண்டும். வழிகாட்டியோடு சுற்றுங்கள், தனியாகப் போனால் பாதி புரியாது.

அப்புறம் ரஸ்ஸல் போங்கள். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மாவோரித் தலைவர் ஹோனே ஹெகே, பின்னால் மனம் கசந்து, அங்கே குன்றின் மேலிருந்த பிரிட்டிஷ் கொடிமரத்தை நான்கு முறை சாய்க்கவைத்தார். 1845 சண்டையின் குண்டுத் துளைகள் அங்குள்ள தேவாலயச் சுவரில் இன்னும் இருக்கின்றன. வைதாங்கியை முதலில் பார்த்திருந்தால்தான் அந்தத் துளைகளுக்கு அர்த்தம் தெரியும்.

மராயேயில் தங்க முடியுமா, ஐயா?

மராயே ஒரு மாவோரி சமூகத்தின் பொது வீடு, லாட்ஜ் இல்லை. விருந்தினரை ஏற்கும் மராயேக்கள் உண்டு, முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். கூடத்துக்குள் செருப்பு, சாப்பாடு கூடாது. தலையணை மேல் உட்காரக் கூடாது, தலை அவர்களுக்குப் புனிதம். மூக்கோடு மூக்கு வைத்து வரவேற்பார்கள், கூச்சப்பட்டுப் பின்வாங்காதீர்கள்.

பைஹியாவிலிருந்து கேப் ரெயிங்கா ஒரே நாளில் முடியுமா?

முடியும், ஆனால் அது நாட்டின் வடகோடியில் இருக்கும் முனை, முதுகு போய்விடும். போக மூன்று மணி, வர மூன்று மணி. அந்தப் பக்கத்து ஊர்களான அஹிபாராவிலோ கைதாயாவிலோ ஒரு இரவு தங்குங்கள். அங்குள்ள நைன்ட்டி மைல் பீச் மணலில் வாடகைக் காரை இறக்க வேண்டாம், சிக்கினால் இன்சூரன்ஸ் கிடைக்காது. (பெயரில்தான் தொண்ணூறு மைல், உண்மையில் 88 கிலோமீட்டர்.) கேப் ரெயிங்கா, இறந்தவர்களின் ஆவி கடலில் இறங்கி மூதாதையர் நாட்டுக்குத் திரும்பும் இடம் என்பது மாவோரி நம்பிக்கை. அது புனித இடம், புளிசாதப் பொட்டலத்தை அங்கே பிரிக்காதீர்கள்.

நியூசிலாந்தில் தமிழ் எழுத்து பொறித்த மணி கிடைத்ததாமே, சோழர் காலத்ததா?

மணி உண்மை. 1830களில் ஃபாங்கரே ஊர்ப் பக்கம் மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்ததைப் மிஷனரி வில்லியம் கோலென்சோ பார்த்தார். சோழர் கதை வேண்டாம், அதில் பொறித்திருப்பது மொகைதீன் என்று தொடங்கும் முஸ்லிம் பெயர், அவருடைய கப்பலின் மணி. இப்போது வெலிங்டனில், தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. காட்சிக்கு வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

பையன் டால்பினோடு நீந்த ஆசைப்படுகிறான்.

முடியாது. 2021 முதல் பே ஆஃப் ஐலண்ட்ஸ் வளைகுடா கடல் பாலூட்டிகளின் சரணாலயம். படகுகளே 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள், படகில் ஏறிய பிறகு அழுதால் சமாளிக்க முடியாது.