அம்மாவா கவனமில்லாத ஆள்?

கேள்வி: போன மாசம் குடும்பத்தோட இந்தியா போனம். நான், மனிசி, தம்பி, தம்பிட மனிசி, ரெண்டு புள்ளையள், அம்மா. சென்னை எழும்பூர் ஸ்டேஷன்ல திருச்செந்தூர் ரயிலுக்கு நேரம் கிடந்ததால நாங்க சாப்பிடப் போனம், அம்மா விரதம் எண்டதால சாமானோட இருந்தவ. ஒருத்தன் வந்து "பாட்டி, உங்க காசு கீழ விழுந்திருக்கு" எண்டு சொல்ல அம்மா குனிஞ்சிருக்கா, ஹேண்ட்பேக் போயிட்டு. ஏழு பாஸ்போட், காசு, அடையாள அட்டையள், எல்லாம் அதுக்குள்ளதான். திருச்செந்தூர் போகாமலே திரும்பினம். அம்மா இப்ப சரியாக் கதைக்கிறாவும் இல்ல. அவ எப்பவும் கவனமில்லாத ஆள்தான். அடுத்த வருசம் மலேசியா போக யோசிக்கிறம், அவவக் கூட்டிப் போறதா விடுறதா?
- ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, "களவு எங்கயும் நடக்கும், மனச விடாதீங்க" எண்டு எழுதுவன் எண்டு பார்த்திருப்பீங்க. அத வேற ஆக்கள் சொல்லியிருப்பாங்க. எனக்கு உங்கட கடிதத்தில தொண்டையில சிக்கினது ஒரு வரிதான், "அம்மா விரதம் எண்டதால சாமானோட இருந்தவ".

வளர்ந்த ஆக்கள் நாலு பேர். ஒருத்தருக்காவது "நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க, நான் அம்மாவோட இருக்கன், மறுகா நான் போறன்" எண்டு சொல்ல வாய் வரல்லயா? முருகனப் பார்க்கப் போறதெண்டு பச்சத் தண்ணியோட இருக்கிற மனிசி, அவவ அந்தச் சனத்துக்க ஒரு பெஞ்சில இருத்தி, சுத்திவர பெட்டியள அடுக்கி, ஏழு பேரிட பாஸ்போட்டையும் மடியில குடுத்திட்டு நீங்க தோசைக்குப் போயிட்டீங்க. யானைக் காவலுக்கு வயல் வட்டைக்குப் போறவனுக்கே ஒரு துணை அனுப்புற ஊர் தம்பி நம்மட ஊர்.

அந்தக் காசு விழுந்த கதை சென்னையில பழைய வித்தை. பத்து ரூபா நோட்டு ரெண்டு மூண்டக் கீழ போட்டிட்டு ஒருத்தன் கதை குடுப்பான், மத்தவன் தூக்குவான், பேங்க் வாசல்லயும் இதத்தான் செய்யிறானுகள். அவனுகள் தேடுறது தனிய இருக்கிற ஆளத்தான், அந்த ஆள அவனுகளுக்கு ஆயத்தப்படுத்திக் குடுத்தது நீங்க. அவ குனிஞ்சதும் உங்கட காசு எண்டு நினைச்சுத்தான் இருக்கும், புள்ளையள்ட காசு நிலத்தில கிடந்தா எந்தத் தாய் நிமிர்ந்து இருப்பா? அதப் போய் கவனமில்லாத ஆள் எண்டு எழுதுறீங்க. அவ ஏன் கதைக்கிறா இல்ல எண்டு இன்னும் விளங்கல்லயா?

சரி, பேக் கதைக்கும் வாறன். ஏழு பாஸ்போட்ட ஒரு பேக்குக்க வைக்கிறது என்ன புத்தி? அவரவர் பாஸ்போட் அவரவர் உடம்போட இருக்கவேணும், உடுப்புக்கு உள்ளால கட்டுற பை விக்குது, முதல் பக்கத்தையும் விசாவையும் ஃபோட்டோ எடுத்து ஊரில ஒருத்தருக்கு அனுப்பி வைங்க, காசையும் பிரிச்சு வைங்க. அடையாள அட்டைய என்னத்துக்கு இந்தியாவுக்குக் கொண்டு போனீங்களோ தெரியா, இப்ப பொலிஸ் முறைப்பாடு, கிராம சேவகர், பிரதேச செயலகம் எண்டு ஏழு ஊர் அலையுங்க. அங்க களவு போனா ஸ்டேஷன விட்டு வெளிக்கிட முதல் ரயில்வே பொலிஸில எழுதிக் குடுத்து அந்தக் கொப்பிய எடுக்கவேணும், அது இல்லாம சென்னையில இருக்கிற நம்மட துணைத் தூதரகத்தில ஊருக்குத் திரும்பி வாற தற்காலிகப் பயணப் பத்திரம் எடுக்கிறது கஷ்டம், விசா ஒட்டின பாஸ்போட்டும் இல்லாததால இந்தியாவ விட்டு வெளிக்கிட வெளிநாட்டார் பதிவு அலுவலகத்திட அனுமதியும் வேணும். நீங்க திரும்பி வந்திருக்கிறீங்க எண்டா இதெல்லாம் அலைஞ்சுதான் வந்திருப்பீங்க. அந்த அலைச்சல் முழுக்க அம்மாவுக்கு என்ன முகத்தக் காட்டினீங்க எண்டத மட்டும் எழுதாம விட்டிட்டீங்க.

மலேசியா கேட்டீங்க. அங்க மோட்டார்சைக்கிள்ல வந்து தோள்ல தொங்குற பேக்க இழுத்துக்கொண்டு போவானுகள், பத்துமலையில 272 படி ஏறக்குள்ள குரங்கும் பறிக்கும். அங்கயும் அம்மாவக் கீழ சாமானோட இருத்தத்தான் யோசனை எண்டா கூட்டிப் போகவேணாம், அவ வீட்டில நிம்மதியா இருக்கட்டும், மண்டூர் முருகன் கோயிலுக்குப் போய் வரட்டும்.

ஆனா நான் சொல்லுறது அது இல்ல. மலேசியாவ இப்ப விடுங்க. தம்பியையும் ரெண்டு மருமக்களையும் ஒண்டா இருத்தி, அவங்களுக்கு முன்னால அம்மாட்டச் சொல்லுங்க, பிழை எங்கட எண்டு. ஒளிச்சு மூலைக்க வச்சு சொல்லுறது சரிவராது, பழி போட்டது எல்லாருக்கும் முன்னாலதானே. மறுகா அவவுக்குப் புதுப் பாஸ்போட் எடுத்துக் குடுங்க, எந்த வரிசையில நிக்கிறதெண்டாலும் நீங்க நில்லுங்க, அவ கதிரையில இருக்கட்டும். பிறகு நீங்களும் அவவும் மட்டும் திருச்செந்தூர் போங்க, விரதம் எண்டா நீங்களும் விரதம்.

டிக்கெட் போட்டிட்டு எனக்கு எழுதுங்க, மலேசியாக் கேள்விக்கு அப்ப பதில் சொல்லுறன்.